ஒரே ஒரு நாள்

2016 நவம்பர் 2. அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரம். பேஸ்பால் உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். நள்ளிரவு தாண்டிவிட்டது. மழை வேறு வந்து பதினேழு நிமிடம் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறது. பத்தாவது இன்னிங்ஸ். சிகாகோ கப்ஸ் 8, கிளீவ்லாண்ட் 7. இன்னும் ஒரே ஒரு ஆளை அவுட்டாக்கினால் போதும். 1908-க்குப் பிறகு 108 வருடம் கிடைக்காத கோப்பை கைக்கு வந்துவிடும்.

பேட்டர் தட்டிவிட்ட பந்து மெதுவாக உருண்டு வருகிறது. தேர்ட் பேஸிலிருந்து ஓடி வருகிறார் கிரிஸ் பிரையன்ட். ஈரப் புல். குனிந்து எடுக்கிறார், கால் வழுக்குகிறது, வழுக்கிக்கொண்டே எறிகிறார். பந்து கையை விட்டுப் போவதற்கு முன்பே முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. ஃபர்ஸ்ட் பேஸில் நின்ற ரிஸ்ஸோவின் கையில் பந்து போய் உட்கார்ந்தது. அவ்வளவுதான். ஊரே அழுதது. நானும் அழுதேன் என்பதைச் சொல்ல வெட்கமில்லை. சிகாகோவில் வேலை பார்த்த சில வருடங்களில் தொற்றிக்கொண்ட வியாதி இது. ஊர் திரும்பியும் குணமாகவில்லை.

இப்போது கொஞ்சம் பின்னால் போகலாம். அந்த ராத்திரிக்கு ஒன்றரை வருடம் முன்னால், 2015 மார்ச் கடைசியில், இதே கப்ஸ் நிர்வாகம் இதே பிரையன்ட்டைப் பார்த்து, "தம்பி, உனக்கு ஃபீல்டிங் இன்னும் பழக வேண்டியிருக்கிறது, மைனர் லீக்குக்குப் போய்விட்டு வா" என்று அனுப்பி வைத்தது.

எத்தனை நாள் பழகினார் தெரியுமா? பன்னிரண்டு நாள்.

பன்னிரண்டே நாளில் ஒருவருக்கு ஃபீல்டிங் வந்துவிடும் என்றால் அந்த வாத்தியாரை நம்ம கிரிக்கெட் போர்டு உடனே வேலைக்கு எடுக்க வேண்டும். விஷயம் ஃபீல்டிங் இல்லை. விஷயம் காலண்டர்.

பேஸ்பால் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. கிரிக்கெட்டில் தேர்வுக் குழு என்று ஒன்று உண்டு. தப்புத் தப்பாக எடுத்தாலும் திட்டுவதற்கு ஐந்து முகங்கள் இருக்கும். அமெரிக்க பேஸ்பாலில் ஒவ்வொரு அணியும் ஒரு முதலாளியின் சொத்து. அவர் அமர்த்திய நிர்வாகிகள் ஆட்களை எடுப்பார்கள், விற்பார்கள், மாற்றிக்கொள்வார்கள். மேலே மேஜர் லீக். 2015-ல் ஓர் அணிக்கு 25 பேர் பட்டியல், இப்போது 26. கீழே அதே முதலாளிக்குக் கட்டுப்பட்ட மைனர் லீக் அணிகள். யார் மேலே, யார் கீழே என்பது நிர்வாகம் கிழிக்கும் கோடு.

அந்தக் கோட்டில்தான் பணம் இருக்கிறது. மேஜர் லீக்கில் ஆறு வருடம் சர்வீஸ் முடித்தால்தான் ஆட்டக்காரர் சுதந்திரமாக எந்த அணிக்கும் போகலாம். அதுவரை அவரை எடுத்த அணி வைத்ததுதான் சட்டம். ஒரு வருட சர்வீஸ் என்றால் 172 நாள். 2015 சீசன் ஏப்ரல் 5 முதல் அக்டோபர் 4 வரை 183 நாள்.

கழித்துப் பாருங்கள். முதல் பதினோரு நாள் ஓர் ஆளை வெளியே வைத்தால், மிச்சம் 172. அவருக்கு ஒரு வருடம் கணக்காகிவிடும். பன்னிரண்டு நாள் வைத்தால் 171. ஒரு நாள் குறைகிறது. அந்த ஒரே ஒரு நாளுக்காக, ஆறு வருடம் கழித்துக் கிடைக்க வேண்டிய விடுதலை ஏழாவது வருடத்துக்குத் தள்ளிப் போகிறது.

பிரையன்ட் மேலே அழைக்கப்பட்டது ஏப்ரல் 17. ஏப்ரல் 16 இல்லை. 17!

நம்மூர் ஃபேக்டரிகளில் தற்காலிகத் தொழிலாளியாக இருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1947-ஆம் வருடத் தொழில் தகராறு சட்டத்தில் ஒரு வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தால் அது தொடர்ச்சியான ஒரு வருட சர்வீஸ் என்று இருந்தது. 240 நெருங்கும்போது "கொஞ்ச நாள் பிரேக் எடுத்துக்கப்பா" என்று அனுப்புகிற சூப்பர்வைசரைப் பல பேர் பார்த்திருப்பார்கள். என்ன, அந்த சூப்பர்வைசர் "உனக்கு ஸ்குரூ முடுக்க இன்னும் சரியாக வரவில்லை" என்று காரணம் சொன்னதில்லை. அந்த மட்டில் அவர் யோக்கியர்.

சரி, பிரையன்ட்டுக்கு நிஜமாகவே ஆட்டம் போதவில்லையோ என்று சந்தேகம் வரும். வரட்டும். 2013-ல் நாடு முழுக்க இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்டவர் அவர். 2014-ல் மைனர் லீக்கில் 43 ஹோம் ரன். 2015 மார்ச்சில் பயிற்சி ஆட்டங்களில் நாற்பது முறை பேட் பிடித்து 9 ஹோம் ரன் அடித்தார். அந்த மார்ச்சில் அமெரிக்காவில் வேறு யாரும் அத்தனை அடிக்கவில்லை. சராசரி .425. பேஸ்பாலில் பத்துக்கு மூன்று தடவை ஒழுங்காக அடித்தாலே கெட்டிக்காரன் என்பார்கள். இவர் பத்துக்கு நாலுக்கும் மேலே.

இதற்கு மேல் ஒரு பையன் என்னதான் செய்ய வேண்டும்?

கீழே அனுப்பினார்கள். அயோவா மாநிலத்தின் டெமாய்ன் நகர அணிக்காக ஏழு ஆட்டம் ஆடினார். மூன்று ஹோம் ரன். ஃபீல்டிங் பழகப் போன இடத்திலும் பயல் அடித்துக்கொண்டேதான் இருந்தான்!

ஏப்ரல் 5 ராத்திரி சிகாகோவில் சீசனின் முதல் ஆட்டம். எதிரி செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ். நம்ம சென்னை-மும்பை மாதிரி பரம்பரைப் பகை. தேர்ட் பேஸில் நின்றவர் மைக் ஓல்ட். கப்ஸ் ஒரு ரன் கூட எடுக்காமல் 3-0 என்று தோற்றது. ரிக்லி மைதானத்தில் அப்போது மராமத்து நடந்துகொண்டிருந்தது. கழிவறைகள் மக்கர் செய்து, ஜனங்கள் பீர் கப்களில் ஒதுங்க வேண்டிய கொடுமை வேறு. நிர்வாகம் கழிவறைக்காக மன்னிப்புக் கேட்டது. பிரையன்ட்டுக்காகக் கேட்கவில்லை.

என் கோபம் இங்கேதான். பிரையன்ட்டுக்காக வாதாட அவருடைய ஏஜென்ட் ஸ்காட் போராஸ் இருக்கிறார். கத்துவது அவர் தொழில், நன்றாகவே கத்தினார். ஆட்டக்காரர்கள் சங்கம் இருக்கிறது. வழக்குப் போட்டார்கள். ஆனால் டிக்கெட் வாங்கி, ஏப்ரல் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தவனுக்கு யார் இருக்கிறார்கள்? அவனிடம் வாங்கிய காசு என்ன பாதிக் காசா? "எங்களிடம் உள்ளதிலேயே சிறந்த அணியை இறக்குகிறோம்" என்பதுதானே அந்த டிக்கெட்டில் எழுதாமல் எழுதியிருக்கும் வாக்குறுதி? முழு விலை வாங்கிக்கொண்டு, இருப்பதில் சிறந்தவனைப் பக்கத்து மாநிலத்தில் ஒளித்து வைப்பதற்கு என்ன பெயர்? ஓட்டலில் இப்படிச் செய்தால் கல்லாவில் போய்ச் சண்டை போட மாட்டீர்களா?

பிரையன்ட் இல்லாத எட்டு ஆட்டங்களில் கப்ஸ் ஐந்தில் ஜெயித்தது, மூன்றில் தோற்றது. மோசமில்லை என்பீர்கள். சீசன் முடிவைப் பாருங்கள். கார்டினல்ஸ் 100 வெற்றி. பிட்ஸ்பர்க் 98. கப்ஸ் 97. ஒரே ஒரு வெற்றி குறைந்ததால், வாழ்வா சாவா என்ற ஒற்றை ஆட்டத்தை நம்ம மைதானத்தில் இல்லாமல் பிட்ஸ்பர்க்கில் போய் ஆட வேண்டியதாயிற்று. அரியேட்டா என்ற பிட்சர் அன்று சாமி வந்தவர் போல வீசியதால் தப்பித்தோம்.

பிரையன்ட் முதல் நாளிலிருந்தே இருந்திருந்தால் அந்த ஒரு வெற்றி கிடைத்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அவர் மேலே வந்த முதல் ஆட்டத்தில் நாலு தடவை பேட் பிடித்து ஒன்றும் அடிக்கவில்லை, மூன்று தடவை ஸ்ட்ரைக் அவுட். ஆட்டம் என்றால் அப்படித்தான். ஆனால் நிர்வாகம் அந்த ஒரு வெற்றியைப் பணயம் வைக்கத் தயாராக இருந்தது என்பது மட்டும் உறுதி. வைத்தது அவர்கள், பணயம் நம்முடையது.

அந்த சீசனில் பிரையன்ட் 26 ஹோம் ரன் அடித்து, சிறந்த புதுமுகம் விருதை ஒரு ஓட்டு கூட பாக்கி இல்லாமல் வாங்கினார். அடுத்த வருடம் 39 ஹோம் ரன், லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது, முதலில் சொன்ன அந்த ஈரப் புல் எறி, கோப்பை. போதாத ஃபீல்டிங்!

"கோடீஸ்வரன் சண்டை சார், நமக்கென்ன?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. பிரையன்ட் ஏழையில்லை. கையெழுத்துப் போட்டபோதே 67 லட்சம் டாலர் வாங்கியவர். ஆனால் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். கோப்பை வாங்கித் தந்த 2016-ல் அவர் சம்பளம் 6 லட்சத்து 52 ஆயிரம் டாலர். அதே அணியில் அதே வருடம் ஜேசன் ஹேவர்ட் என்பவர் எட்டு வருடத்துக்கு 18 கோடியே 40 லட்சம் டாலர் ஒப்பந்தத்தோடு வந்து 7 ஹோம் ரன் அடித்தார். (அந்தக் கடைசி ஆட்டத்தின் மழை இடைவேளையில் எல்லோரையும் ஓர் அறையில் கூட்டி ஹேவர்ட் பேசிய பேச்சுக்கே அவ்வளவும் தரலாம் என்பார்கள் கப்ஸ் ரசிகர்கள். நானும் அந்தக் கட்சிதான்.)

பேஸ்பாலின் சம்பள முறையே இப்படித் தலைகீழ். 23, 24 வயதில், உடம்பு முறுக்காக இருக்கும்போது, சில்லறை. முப்பது வயதில், முட்டியும் முதுகும் முனகத் தொடங்கும்போது, மூட்டை மூட்டையாகப் பணம். பிரையன்ட் 2022-ல் கொலராடோ ராக்கீஸ் அணியோடு ஏழு வருடத்துக்கு 18 கோடியே 20 லட்சம் டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு காயத்துக்கு மேல் காயம். 2022 முதல் 2025 வரை நாலு சீசனில் அவர் ஆடியது 170 ஆட்டம். ஒரு சீசனுக்கே 162 ஆட்டம் உண்டு.

"பார்த்தாயா, தண்டச் சம்பளம்" என்று இப்போது அவரைத் திட்டுகிறார்கள். ராக்கீஸ் ரசிகர் திட்டட்டும், அவருக்கு உரிமை உண்டு. ஆனால் முதலாளிகள் இதைக் காட்டி, "ஆட்டக்காரர்களுக்குப் பேராசை" என்று பேசும்போதுதான் எனக்கு எரிகிறது. நல்ல வருடங்களைச் சல்லிசாக வாங்கிக்கொண்டது யார்? அந்த நல்ல வருடங்களில் இன்னும் ஒன்றைச் சேர்த்து அமுக்கிக்கொள்ள ஏப்ரல் 17 வரை காத்திருந்தது யார்?

இதிலே ஒரு வேடிக்கையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு நாள் கணக்கில் வந்திருந்தால் பிரையன்ட் 2020 முடிவில் சுதந்திர ஆட்டக்காரர் ஆகியிருப்பார். 2020 கொரோனா வருடம். அறுபதே ஆட்டம் கொண்ட சீசன், அதிலும் அவர் சராசரி .206. அப்போது சந்தைக்கு வந்திருந்தால் விலை போயிருக்காது, ஒரு வருடம் தள்ளிப் போனதே நல்லது என்று வாதிடுவோர் உண்டு. இருக்கலாம். ஆனால் அந்த லாப நஷ்டம் அவருடையதாக இருந்திருக்க வேண்டும். என் வீட்டை என்னைக் கேட்காமல் பூட்டி வைத்துவிட்டு, "நல்லவேளை, இப்போது விலை ஏறியிருக்கிறது பார்" என்றால் நான் நன்றி சொல்ல வேண்டுமா?

இந்த ஆறு வருடமே சும்மா வந்ததில்லை. ஒரு காலத்தில் ஆட்டக்காரர் ஆயுசுக்கும் அணியின் சொத்து. 1969-ல் செயின்ட் லூயிஸ் அணி கர்ட் ஃப்ளட் என்பவரைப் பன்னிரண்டு சீசன் ஆடிய பிறகு ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியது. "நான் வாங்கி விற்கிற பண்டம் இல்லை" என்ற கொள்கைக்காக அவர் உச்சநீதிமன்றம் வரை போனார். 1972-ல் 5-3 என்று தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கை அதோடு போயிற்று. 1975-ல் வேறு இருவர் கொண்டுவந்த வழக்கில் நடுவர் தீர்ப்பு சாதகமாக வந்து, அடுத்த வருட ஒப்பந்தத்தில்தான் இந்த ஆறு வருடக் கணக்கு பிறந்தது. அப்படி ஒருவர் பிழைப்பையே இழந்து திறந்த கதவில்தான் இவர்கள் பன்னிரண்டு நாள் பூட்டைத் தொங்கவிட்டார்கள்.

கப்ஸ் நிர்வாகத்தின் அன்றைய தலைவர் தியோ எப்ஸ்டீன். எனக்குப் பிடித்த மனிதர். பாஸ்டனின் 86 வருட சாபத்தை 2004-ல் தீர்த்து வைத்தவர், சிகாகோவின் 108 வருட சாபத்தையும் அவரே தீர்த்தார். அவர் செய்தது விதிக்கு விரோதம் இல்லை. விதியில் ஓட்டை இருக்கும்போது அதில் புகாதவன் முட்டாள் என்று முதலாளி சொல்வார். நான் அதைக்கூட மன்னித்துவிடுவேன். 2009-ல் சுமார் 84.5 கோடி டாலர் கொடுத்து அணியை வாங்கிய குடும்பம் அரிசி வாங்கக் காசில்லாமல் இப்படிச் செய்யவில்லை என்றாலும், மன்னித்துவிடுவேன். "இதோ பாருங்கள், பன்னிரண்டு நாள் பொறுத்தால் இந்தப் பையன் இன்னும் ஒரு முழு வருடம் நம்மோடு இருப்பான்" என்று நேராகச் சொல்லியிருந்தால், கப்ஸ் ரசிகர்களில் பாதிப் பேர் கை தட்டியிருப்பார்கள். 108 வருடம் பொறுத்தவர்களுக்குப் பன்னிரண்டு நாள் ஒரு பொருட்டா?

சொல்ல முடியாது. ஏன் தெரியுமா? காலண்டருக்காகத்தான் கீழே அனுப்பினோம் என்று வாயைத் திறந்து சொன்னால் வழக்கில் மாட்டிக்கொள்வார்கள். அதனால் ஃபீல்டிங் என்று சொல்லியே ஆக வேண்டும். வழக்கு ஐந்து வருடம் இழுத்து 2020-ல் முடிந்தது. பிரையன்ட் தோற்றார். மற்ற மூன்றாம் பேஸ் ஆட்கள் காயம்பட்டதால்தான் ஏப்ரல் 17-ல் அழைத்தோம் என்று அணிக்கு ஒரு கதை இருந்தது. ஓல்ட்டுக்குக் காயம் பட்டது நிஜம்தான். ஒருவர் மனதில் காலண்டர் இருந்ததை எந்த நடுவர் முன்னால் எப்படி நிரூபிப்பது?

அடுத்த வருடமே ஒருவர் தானாக வந்து நிரூபித்தார்! சியாட்டில் மரைனர்ஸ் அணியின் தலைவர் கெவின் மேதர். 2021 பிப்ரவரியில் ஒரு ரோட்டரி கிளப் கூட்டத்தில், இட்லி சாப்பிட்டுக்கொண்டே பேசுவது போல மனம் திறந்து பேசினார். இளம் ஆட்டக்காரர்களை 2020-ல் மேலே கொண்டுவராததற்குக் காரணம் சர்வீஸ் கணக்குத்தான் என்றார். லோகன் கில்பர்ட் என்ற பிட்சரை ஏப்ரல் 1 அன்று பார்க்க மாட்டீர்கள், ஏப்ரல் நடுவில் பார்ப்பீர்கள் என்று தேதி வைத்தே சொன்னார். ஜாரெட் கெலனிக் என்ற இளைஞர் நீண்டகால ஒப்பந்தத்தை மறுத்துவிட்டார் என்பதையும் போட்டு உடைத்தார். வீடியோ வெளியே வந்தது. மறுநாள் ராஜினாமா.

ராஜினாமா எதற்கு என்றுதான் எனக்கு இன்றுவரை புரியவில்லை. வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் ஆங்கிலத்தை அவர் கிண்டல் செய்ததற்கு என்றால் சரி, போகட்டும். சர்வீஸ் கணக்கு பற்றிப் பேசியதற்கு என்றால், அந்தத் தொழிலில் அன்றைக்கு ஒரே ஒருத்தர்தான் உண்மை பேசினார், அவரையும் அனுப்பிவிட்டார்கள்.

கெலனிக் 2021 மே மாதம் மேலே வந்து .181 என்று அடித்துத் திணறினார். ஆகவே கீழே வைக்கப்படுகிற ஒவ்வொரு பையனும் பிரையன்ட் இல்லை. பழக வேண்டியவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். பொய்யின் பெரிய கேடு இதுதான். இனிமேல் ஒரு நிர்வாகி உண்மையாகவே "பையனுக்கு இன்னும் பதம் வரவில்லை" என்று சொன்னாலும் எவன் நம்புவான்? ஒரு ஆட்டக்காரரை எடை போடுவதற்கு ரசிகனிடம் இருந்த அளவுகோலையே கெடுத்துவிட்டார்கள்.

துணிந்தவர்களும் உண்டு. 2019-ல் நியூயார்க் மெட்ஸ், பீட் அலோன்சோவை முதல் நாளே இறக்கியது. 53 ஹோம் ரன், புதுமுகங்களில் சாதனை. அதே வருடம் சான் டியாகோ அணி இருபது வயது டாட்டிஸை முதல் நாளே இறக்கியது. வானம் இடிந்து விழவில்லை.

2022-ல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் ஒரு ஒட்டுப் போட்டார்கள். சிறந்த புதுமுகம் ஓட்டெடுப்பில் முதல் இரண்டு இடத்தில் வந்தால், தாமதமாக வந்திருந்தாலும் முழு வருட சர்வீஸ் கிடைக்கும். அதோடு, நல்ல இளைஞனை முதலிலேயே இறக்கி அவன் விருது வாங்கினால் அணிக்குப் புது ஆள் எடுப்பதில் கூடுதல் வாய்ப்பு. உடனே அதே சியாட்டில், ஹூலியோ ரோட்ரிகஸை முதல் நாளே இறக்கியது. அவர் சிறந்த புதுமுகம் ஆனார், 2001-க்குப் பிறகு முதல் தடவையாக அணி பிளேஆஃப் போயிற்று, கூடுதல் வாய்ப்பும் கிடைத்தது. ஃபீல்டிங் பழக்கம், பதம், பக்குவம் எல்லாம் திடீரென்று எங்கே போயின? லஞ்சம் கொடுத்ததும் கோப்பு நகர்கிற மாதிரி, பரிசு காட்டியதும் பக்குவம் வந்துவிட்டது!

ஆனால் இந்த ஒட்டு உச்சியில் இருப்பவனுக்கு மட்டும்தான். பிட்ஸ்பர்க்கின் பால் ஸ்கீன்ஸ் 2024-ல் மே 11 அன்றுதான் மேலே வந்தார். சிறந்த புதுமுகம் ஆனதால் முழு வருடமும் கணக்கில் ஏறிவிட்டது. மூன்றாவது வந்தவனுக்கு? ஓட்டெடுப்பில் பெயரே வராத, நல்லபடியாக ஆடுகிற ஒரு சாதாரண செகண்ட் பேஸ் ஆளுக்கு? அவனுக்கு 67 லட்சமும் இல்லை, போராஸும் இல்லை. 171 நாள் மட்டும் உண்டு.

இந்த ஒப்பந்தத்தின் ஆயுள் 2026 டிசம்பர் 1 வரை. அடுத்ததற்கு என் யோசனை ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. நாள் கணக்கைத் தூக்கி எறியுங்கள். ஒரு சீசனில் பாதி நாள் மேலே இருந்தால் அது ஒரு வருடம் என்று வையுங்கள். பன்னிரண்டு நாள் ஒளித்து வைக்கலாம், மூன்று மாதம் ஒளித்து வைக்க எந்த அணிக்கும் தைரியம் வராது. அதற்குள் மைதானம் காலியாகிவிடும். இல்லையென்றால் வயதை வைத்துக் கணக்குப் போடுங்கள். 28 ஆனால் விடுதலை என்று வையுங்கள். பிறந்த நாளை எந்த நிர்வாகியும் அயோவாவுக்கு அனுப்ப முடியாது.

அதுவரை நான் ஒன்று செய்கிறேன், நீங்களும் செய்து பாருங்கள், பொழுது நன்றாகப் போகும். ஒவ்வொரு மார்ச் கடைசியிலும் எந்த அணி எந்தப் பையனை "இன்னும் கொஞ்சம் பழகட்டும்" என்று கீழே அனுப்புகிறது என்று குறித்துக்கொள்கிறேன். சீசனின் மொத்த நாளிலிருந்து 171-ஐக் கழித்து, காலண்டரில் ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போடுகிறேன். அந்தத் தேதி வந்ததும் காலையில் காப்பிக்கு முன்னால் செய்தியைப் பார்க்கிறேன்.